உயிர்ப்பின் சகோதரர் லாரன்சு

உயிர்ப்பின் சகோதரர் லாரன்சு (ஏறத்தாழ 1614 – பெப்ரவரி 12, 1691) பிரான்சு நாட்டின் பாரிசு நகரில் இருந்த கார்மேல் துறவு மடமொன்றில் சமையற்காரராகவும், பின்னர் செருப்புத் தைப்பவராகவும் பணியாற்றிய கிறித்தவத் துறவி ஆவார். இவருடைய இயற்பெயர் நிக்கோலா எர்மான். பானை கழுவுதல், அடுப்பு மூட்டுதல், சரக்கு வாங்குதல் போன்ற அன்றாட வேலைகளைச் செய்துகொண்டே இறைவனை நினைந்து அவரைப் பெருமைப்படுத்த இயலும் என்பதும், அதற்கும் கோயிலில் முழந்தாளிட்டுச் செய்யும் செபத்துக்கும் வேறுபாடு இல்லை என்பதும் இவருடைய கருத்தாகும். இவர் நூல் எதனையும் வெளியிட்டவர் அல்லர். இவருடைய மடல்களும், இவருடன் நடந்த உரையாடல்களின் குறிப்புகளும் இவர் இறந்த பின்னர் தொகுக்கப்பட்டு, இறைப்பிரசன்னப் பயிற்சி என்ற பொருள்படும் தலைப்பில் பல மொழிகளில் வெளிவந்துள்ளன.

பெயரும் சொல்லும்

கார்மேல் சபையில் சேர்பவர் தம் பெயருடன் இயேசுவின் வாழ்விலிருந்து ஒரு மறைபொருளையோ ஒரு புனிதரின் பெயரையோ இணைத்துக்கொள்வது வழக்கம். அவ்வாறே இவர் உயிர்ப்பின் லாரன்சு ஆனார். குருப்பட்டம் பெறாத துறவி ஆதலால் சகோதரர் என்றே அழைக்கப்பட்டார். பிரெஞ்சு ஒலிப்பில் இவருடைய பெயர் லோரான் என்பதாகும். ஆங்கிலம் வழியாகவே இவரைப் பற்றிய செய்திகள் பரவியதால் லாரன்சு என்ற வடிவம் தமிழில் பயன்படுத்தப்படுகிறது.

இவருடைய போதனையின் மையச் சொல்லைத் தமிழ்க் கத்தோலிக்கர் இறைப்பிரசன்னம் அல்லது இறை உடனிருப்பு என்றும், சீர்திருத்தச் சபையினர் தேவபிரசன்னம் என்றும் வழங்குவர். இரண்டும் குறிப்பது ஒன்றே: இறைவன் எங்கோ தொலைவில் அல்லாமல் இங்கேயே, நம் அருகிலும் நம்முள்ளும் இருக்கிறார் என்னும் உணர்வு.

இளமை

லாரன்சு அக்காலத்தில் தனி ஆட்சிப்பகுதியாக இருந்த லொரேனில், லுனேவில் என்ற ஊருக்கு அருகிலுள்ள எரிமெனில் சிற்றூரில் பிறந்தார். பிறந்த ஆண்டு குறித்து ஒருமித்த கருத்து இல்லை. பழைய நூல்கள் சிலவற்றில் வேறு ஆண்டுகள் காணப்படினும், 1614 என்பதே இன்று பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. எளிய குடும்பத்தினர். முறையான உயர்கல்வி பெற்றவர் அல்லர்.

பதினெட்டு வயதில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைத் தம் வாழ்வின் திருப்பமாக இவரே பின்னாளில் கூறியுள்ளார். குளிர்காலத்தில் இலைகள் முற்றும் உதிர்ந்து மொட்டையாய் நின்ற மரமொன்றைக் கண்டார். சில காலத்தில் இதே மரம் தளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று எண்ணியபோது இறைவனின் பராமரிப்பும் ஆற்றலும் தம் மனத்தில் ஆழப் பதிந்ததாகவும், அந்தப் பதிவு ஒருபோதும் அழியவில்லை என்றும் சொன்னார். ஆண்டு முழுவதும் பசுமை மாறாத நிலத்தில் வாழும் நமக்கு இது பெரிய செய்தியாகத் தோன்றாமல் இருக்கலாம். நான்கைந்து மாதங்கள் மரங்களெல்லாம் பட்டுப்போனவைபோல் நிற்கும் வட ஐரோப்பியக் குளிர்காலத்தை மனத்தில் கொண்டால் இதன் வலிமை விளங்கும்.

ஆயினும் அவர் உடனே துறவு பூணவில்லை. படைவீரர் ஆனார். அது முப்பதாண்டுப் போரின் (1618–1648) காலம். பிரான்சு, சுவீடன், செருமானியப் பேரரசு ஆகியவற்றின் படைகள் மாறி மாறி லொரேன் பகுதியைச் சூறையாடின. செருமானியப் படையினர் ஒருமுறை இவரை ஒற்றர் என ஐயுற்றுப் பிடித்து, தூக்கிலிடப் போவதாக அச்சுறுத்தினர். தாம் ஒற்றர் அல்லர் என்பதையும், சாவுக்குத் தாம் அஞ்சவில்லை என்பதையும் அமைதியாக எடுத்துரைத்ததால் விடுவிக்கப்பட்டார். 1635 இல் ரம்பெர்வில்லே நகரைச் சுவீடன் படையினர் தாக்கியபோது காயமுற்றார். அத்துடன் படைவாழ்வு முடிந்தது.

அதன்பின் சில காலம் ஒரு வனத்துறவியுடன் தனிமையில் வாழ முயன்றார். மனநிலை நாளுக்கு நாள் மாறி, ஒருகணம் மகிழ்ச்சியும் மறுகணம் துயரமுமாக இருந்ததால், வழிகாட்டுவார் இல்லாத தனிமை தமக்கு ஏற்றதல்ல என முடிவு செய்தார். பாரிசு சென்று ஃபியூபே என்ற கருவூல அதிகாரியின் வீட்டில் ஏவலாளாகச் சேர்ந்தார். அங்கே தாம் எதைத் தொட்டாலும் உடைத்துவிடும் கைதேறாத ஆளாக இருந்ததாக இவரே கூறியிருக்கிறார்.

கார்மேல் மடத்தில்

1640 இல், தமது இருபத்தாறாவது வயதளவில், பாரிசின் வோஜிரார் தெருவில் இருந்த காலணி அணியாத கார்மேல் சபை மடத்தில் சேர்ந்தார். புனித அவிலா தெரேசாவும் (1515–1582) சிலுவை யோவானும் எசுப்பானியாவில் தொடங்கிய சீர்திருத்தக் கிளையே இச்சபை. இச்சபையினர் 1611 இல் பாரிசுக்கு வந்திருந்தனர். 1642 ஆகத்து 14 அன்று லாரன்சு இறுதி வார்த்தைப்பாடு அளித்தார்.

தம் கைதேறாமைக்காக மடத்தில் கடும் தண்டனைகள் கிடைக்கும், அதன்மூலம் தம் வாழ்வை இறைவனுக்குப் பலியாக்கலாம் என்று எதிர்பார்த்தே தாம் சேர்ந்ததாகவும், ஆனால் மனநிறைவைத் தவிர வேறொன்றும் கிடைக்காமல் இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டதாகவும் பின்னாளில் நகைச்சுவையுடன் கூறினார்.

அக்காலத் துறவு மடங்களில் இரு நிலையினர் இருந்தனர் என்பதை இங்கு அறிந்துகொள்ள வேண்டும். முதல் நிலையினர் இலத்தீன் கற்று, பாடகர் குழுவில் நின்று திருப்புகழ்மாலை பாடும் துறவியர். இவர்களுள் பெரும்பாலோர் குருக்கள். இரண்டாம் நிலையினர் பொதுநிலைச் சகோதரர். சமையல், தோட்டம், வாயிற்காவல், தையல் முதலிய உடலுழைப்பு இவர்களுக்கு உரியது. திருப்புகழ்மாலைக்கு மாற்றாகக் கர்த்தர் கற்பித்த செபம் போன்ற எளிய செபங்களைக் குறித்த எண்ணிக்கையில் இவர்கள் சொல்வர். லாரன்சு இரண்டாம் நிலையினர். துறவு இல்லத்துக்குள்ளேயே செபிப்போர், உழைப்போர் என்ற பிரிவு நிலவிய சூழலில், உழைப்போர் பக்கத்திலிருந்து எழுந்த குரல் என்பதே இவருடைய கருத்துக்குத் தனிச்சிறப்பைத் தருகிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–1965) இத்தகைய வேற்றுமைகளைக் களையுமாறு துறவு சபைகளைக் கேட்டுக்கொண்டது.

பத்தாண்டு இருள்

லாரன்சு எந்நாளும் மகிழ்ச்சியில் திளைத்த சமையற்காரர் என்று எழுதுவோர் உண்டு. அது முழு உண்மை அன்று. துறவு வாழ்வின் முதல் பத்து ஆண்டுகள் தாம் மிகவும் துன்புற்றதாக அவர் தம் மடலொன்றில் குறிப்பிடுகிறார். தாம் விரும்பிய அளவு இறைவனுக்கு உரியவராக இல்லை என்ற எண்ணமும், பழைய பாவங்களின் நினைவும் அவரை வாட்டின. பலமுறை விழுந்து எழுந்தார். இதனிடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், தாம் மீட்புப் பெறப் போவதில்லை, அழிவுக்கே குறிக்கப்பட்டவர் என்ற உறுதியான அச்சம் அவரைப் பற்றியிருந்தது. யார் சொல்லியும் அது நீங்கவில்லை.

இதிலிருந்து அவர் மீண்ட விதம் கவனிக்கத்தக்கது. தமக்கு மீட்பு உண்டு என்ற சான்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. மாறாக, அழிவோ வாழ்வோ எது நேரினும் நேரட்டும், உயிருள்ளவரை இறைவன்பால் கொண்ட அன்பிற்காகவே செயல்படுவேன், அதுவேனும் எஞ்சும் என்று முடிவு செய்தார். தம் நிலையைப் பற்றிய கணக்கை அவர் கைவிட்டபோது அச்சம் தானே அகன்றது. அன்றாட வேலைகளை இறைவனுக்காகச் செய்தல் என்னும் அவருடைய வழி இம்முடிவிலிருந்தே பிறந்தது. பயன் கருதிய பக்தியாக அதைக் கருத முடியாது.

சமையலறையும் செருப்புப் பட்டறையும்

லாரன்சுக்கு இடப்பட்ட பணி சமையல். அவ்வேலையில் அவருக்கு இயல்பாகவே மிகுந்த வெறுப்பு இருந்தது. இச்செய்தியைப் பல சுருக்க நூல்கள் விட்டுவிடுகின்றன. பிடித்த வேலையில் இறைவனைக் கண்டவர் அல்லர் அவர். பிடிக்காத வேலையைப் பதினைந்து ஆண்டுகள் செய்து அதை எளிதாக்கிக்கொண்டவர்.

அவர் கையாண்ட முறை எளியது. வேலையைத் தொடங்குமுன், இதில் ஈடுபட வேண்டியிருப்பதால் என்னோடு இரும் என்று தம் சொந்தச் சொற்களில் இறைவனை வேண்டுவார். வேலையின் நடுவில் இடையிடையே அவருடன் பேசுவார். முடிந்தபின் தம்மைத் தாமே ஆய்ந்து பார்ப்பார். நன்றாகச் செய்திருந்தால் நன்றி; தவறியிருந்தால் மன்னிப்பு வேண்டி, மனம் தளராமல் மீண்டும் தொடங்குதல். தவற்றை நினைத்து வருந்திக்கொண்டே இருப்பதை அவர் பயனற்றது எனக் கருதினார்.

வாணலியில் முட்டை அடையைத் திருப்பிப் போடுவதும் இறையன்பிற்காகவே, அது முடிந்து வேறு வேலை இல்லையெனில் தரையில் விழுந்து வணங்குவதும் இறையன்பிற்காகவே என்பது அவர் சொன்ன எடுத்துக்காட்டு. தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதையும் இவ்வாறே கொள்ளலாம் என்றார். ஒரே நேரத்தில் பலர் பலவற்றைக் கேட்டுக் கூச்சலிடும் அடுக்களையிலும், நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி தமக்கு இருப்பதாக அவர் கூறியது பரவலாக எடுத்தாளப்படுகிறது.

மடத்துக்குத் தேவையான திராட்சை மது வாங்க அவர் ஓவேர்ன் பகுதிக்கும் பின்னர் பர்கண்டிக்கும் அனுப்பப்பட்டார். அவருக்கு வணிகம் தெரியாது. கால் ஊனமும் இருந்தது. படகில் நடக்க முடியாமல், பீப்பாய்களின் மேல் உருண்டுதான் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் சென்றார். இது உன்னுடைய வேலை என்று இறைவனிடம் சொல்லிவிட்டுச் சென்றதாகவும், கொள்முதல் எப்படியோ நன்றாகவே முடிந்ததாகவும் அவர் தெரிவித்தார்.

இடுப்பு நரம்பு வலியும் காலில் ஏற்பட்ட புண்ணும் நின்றுகொண்டே செய்யும் வேலையை இயலாததாக்கியதால், பின்னர் அவருக்குச் செருப்புப் பட்டறையில் வேலை தரப்பட்டது. காலணி அணியாத சபையில் செருப்புப் பட்டறை ஏன் என்ற ஐயம் எழக்கூடும். மூடிய காலணியைத் தவிர்ப்பதே அச்சபையின் வழக்கம். எளிய செருப்பு அணிவது உண்டு. தோல் தைக்கும் வேலை அவருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதையும் விட்டுப் பழைய வேலைக்குத் திரும்பச் சொன்னால் அவ்வாறே செய்ய ஆயத்தமாக இருப்பதாகக் கூறினார்.

போதனை

லாரன்சின் கருத்துகள் ஒரு கோட்பாடாக ஒழுங்குபடுத்தப்பட்டவை அல்ல. அவருடைய மடல்களிலிருந்தும் ஆன்மிக முதுமொழிகள் என்ற சிறு தொகுப்பிலிருந்தும் அவற்றை ஒருவாறு திரட்டலாம்.

முதலாவது, செப நேரம் வேறு, பிற நேரம் வேறு என்ற எண்ணம் ஒரு மயக்கம் என்பது. மடத்தின் ஒழுங்குப்படி குறித்த நேரங்களில் அவர் செபத்துக்குச் சென்றார். ஒருபோதும் அதனை இகழ்ந்ததில்லை. ஆனால் செபம் முடிந்து வெளியே வரும்போது எதுவும் மாறுவதாக அவர் உணரவில்லை.

இரண்டாவது, வேலையை மாற்ற வேண்டியதில்லை, வேலையின் நோக்கத்தையே மாற்ற வேண்டும் என்பது. பொதுவாகத் தமக்காகச் செய்வதை இறைவனுக்காகச் செய்தால் போதும். இது திருத்தூதர் பவுலின் கருத்தை ஒட்டியது. உண்பது, குடிப்பது உட்பட எதைச் செய்தாலும் கடவுளின் மாட்சிக்காகச் செய்யுமாறு பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 10:31). கொலோசையருக்கு எழுதிய மடலில் (3:23) வேலையை மனிதருக்கென்று அல்லாமல் ஆண்டவருக்கென்று செய்யும்படி அவர் கேட்டுக்கொண்டது அடிமைகளை நோக்கி என்பது கவனத்துக்குரியது. இடைவிடாது செபிக்குமாறு தெசலோனிக்கருக்குக் கூறியதை (1 தெசலோனிக்கர் 5:17) நடைமுறையில் எவ்வாறு பின்பற்றுவது என்பது கிறித்தவ வரலாறு நெடுகிலும் எழுந்த கேள்வி. லாரன்சின் வழி அதற்கான விடைகளுள் ஒன்று.

மூன்றாவது, இது பழக்கத்தால் வருவது. தொடக்கத்தில் முயற்சி தேவை. மனம் அலையும்; மறதி வரும். மறந்ததை உணர்ந்தவுடன் கலக்கமின்றித் திரும்பி வந்தால் போதும். நாளடைவில் அந்நினைவு முயற்சியின்றி நிலைக்கும். செபத்தில் மனம் அலைவதாக முறையிட்ட ஒருவருக்கு, செல்வர் வீட்டு வாயிலில் கிடக்கும் வாய்பேசாத முடவரான இரவலரைப்போல இறைவன் முன் இருந்துவிடுமாறு எழுதினார். விரைந்து முன்னேற விரும்பிய துறவு சகோதரி ஒருவரைப் பற்றி, அவர் இறையருளின் வேகத்தையும் தாண்டி ஓட விரும்புகிறார் என்று மெல்லக் குறை கூறினார்.

இறைவனுடன் ஒன்றித்திருப்பதில் மூன்று நிலைகளை முதுமொழிகள் தொகுப்பு பிரித்துக் காட்டுகிறது: அருளால் எப்போதும் இருக்கும் பொதுவான ஒன்றிப்பு, ஒரு செயலைத் தொடங்கும்போது மனத்தை உயர்த்தியதன் விளைவாக அச்செயல் முடியும்வரை நீடிக்கும் ஒன்றிப்பு, ஒவ்வொரு கணமும் உணர்வில் விளங்கும் ஒன்றிப்பு. இப்பகுப்பு நடைமுறையில் பயனுள்ளது. கூர்ந்த கவனம் தேவைப்படும் கணக்கிடல், எழுதுதல் போன்ற பணிகளின்போது ஒவ்வொரு நொடியும் இறைவனை நினைக்க இயலாது. இரண்டாம் நிலை இதற்கு இடம் தருகிறது. வெங்காயம் நறுக்குகிறவரின் மனம் சும்மா இருக்கிறது, அவருக்கு இது எளிது, மூளையால் உழைப்பவருக்கு இயலாது என்று இன்றைய அலுவலகங்களில் பணிபுரிவோர் எழுப்பக்கூடிய மறுப்புக்கு இப்பகுதியில் ஓரளவு விடை உள்ளது.

லாரன்சு துறவியருக்கு மட்டும் எழுதவில்லை. இளம் படைவீரர் ஒருவரைக் குறித்து அவர் எழுதிய மடலில், கையில் வாளுடன் அணிவகுத்துச் செல்லும்போதும் ஒருகணம் நெஞ்சை இறைவனிடம் உயர்த்தலாம், அது வீரத்தைக் குறைக்காது, கூட்டவே செய்யும் என்கிறார். தாமே போரில் காயம்பட்டவர் என்பதால் இது வெறும் அறிவுரை அன்று.

நோயுற்றோருக்கு எழுதிய மடல்களை மட்டும் சற்றுக் கவனத்துடன் படிக்க வேண்டும். மருந்துகளைவிட இறைவனையே மருத்துவராகக் கொள்ளுமாறும், நோய் நீங்க வேண்டுவதைவிடத் தாங்கும் வலிமையை வேண்டுமாறும் அவர் எழுதுகிறார். பயனுள்ள மருத்துவம் பெரிதும் இல்லாத 17 ஆம் நூற்றாண்டின் மனிதர், தாமே பல ஆண்டுகள் வலியுடன் வாழ்ந்தவர், ஆறுதலுக்காக எழுதியவை அவை. மருத்துவத்தை மறுக்கும் கொள்கையாக அவற்றைக் கொள்வது பொருந்தாது.

முன்னோடிகள்

அன்றாட வேலையை வழிபாடாகக் கருதும் எண்ணம் லாரன்சுடன் தொடங்கியதன்று. 6 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த புனித பெனடிக்டின் சபை ஒழுங்கு, மடத்தின் தட்டுமுட்டுப் பொருள்களைப் பீடத்தின் புனிதக் கலங்களைப்போல் பேணுமாறு சரக்கறைப் பொறுப்பாளருக்கு அறிவுறுத்துகிறது. அவிலா தெரேசா தம் மடங்களின் வரலாற்றை எழுதிய நூலில், சமையலறையில் பணிபுரியும் சகோதரிகளுக்கு அங்குள்ள பாத்திரங்களுக்கிடையிலும் ஆண்டவர் இருக்கிறார் என்று நினைவூட்டுகிறார். இறைவாக்கினர் எலியாவைத் தம் முன்மாதிரியாகக் கொண்டது கார்மேல் சபை. வாழும் கடவுளின் முன் நிற்பவர் என்று எலியா தம்மைக் குறிப்பிட்டதை (1 அரசர் 17:1) அச்சபையினர் சிறப்பாகப் போற்றுவர். எனவே லாரன்சு தாம் நூல்களில் இவ்வழியைக் காணவில்லை என்று கூறினாலும், அவர் வாழ்ந்த சூழலில் இவ்வெண்ணம் நிலவியது எனலாம்.

சீர்திருத்தச் சபைகளின் பக்கத்தில், மார்ட்டின் லூதர் (1483–1546) குருத்துவமும் துறவும் மட்டுமே இறை அழைப்பு என்ற கருத்தை மறுத்து, உழவர், தாய், பணிப்பெண் ஆகியோரின் வேலையும் இறை அழைப்பே என வாதிட்டார். லூதர் துறவு மடத்தை மறுத்து அடைந்த முடிவுக்கு மிக அருகில், லாரன்சு துறவு மடத்துக்குள்ளேயே வந்து சேர்ந்தார் என்பது சுவையான ஒப்புமை.

மடல்களும் உரையாடல்களும்

லாரன்சு எழுத்தில் நாட்டம் கொண்டவர் அல்லர். எழுதியவற்றுள் பலவற்றை, தாம் உள்ளத்தில் உணர்ந்ததற்கு அவை ஈடாகவில்லை என்று கிழித்துவிட்டார். அவருடைய கருத்துகள் நமக்குக் கிடைத்தமைக்கு ஜோசப் தெ பொஃபோர் என்ற குருவே காரணம். பின்னாளில் பாரிசின் பேராயரான நொவாயின் முதன்மைக் குருவாகப் பணியாற்றியவர் இவர். 1666 ஆகத்து 3 அன்று பொஃபோர் முதன்முறையாக லாரன்சைச் சந்தித்தார். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலுமாக நடந்த நான்கு உரையாடல்களின் குறிப்புகளை எழுதி வைத்தார்.

1691 பெப்ரவரி 12 அன்று நுரையீரல் உறை அழற்சியால் லாரன்சு இறந்தார். இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன்வரை மடல் எழுதியுள்ளார். அடுத்த ஆண்டே, 1692 இல், ஆன்மிக முதுமொழிகளும் பதினாறு மடல்களும், வாழ்க்கை வரலாற்றுடன் கூடிய புகழுரையும் அடங்கிய நூலைப் பொஃபோர் பாரிசில் வெளியிட்டார். 1694 இல் உரையாடல்கள் அடங்கிய இரண்டாம் நூல் வெளிவந்தது. இன்று இறைப்பிரசன்னப் பயிற்சி என்ற பெயரில் விற்பனையாகும் நூல்கள் இவ்விரண்டிலிருந்தும் பகுதிகளைச் சேர்த்து உருவாக்கப்பட்டவை. ஆகவே பதிப்புக்குப் பதிப்பு உள்ளடக்கம் மாறுபடும். உரையாடல்கள் லாரன்சின் எழுத்து அல்ல, கேட்டவரின் நினைவிலிருந்து எழுதப்பட்டவை என்பதையும் படிப்போர் மனத்தில் கொள்ள வேண்டும். பெல்சியக் கார்மேல் துறவியான கொன்ராட் தெ மேசுடர் மூல வடிவங்களை ஆய்ந்து 1991 இல் ஆய்வுப் பதிப்பொன்றை வெளியிட்டார்.

சர்ச்சை

நூல் வெளிவந்த காலம் சாதகமானதாக இல்லை. ஆன்மா முழுச் செயலற்ற நிலையில் இறைவன்முன் இருந்தால் போதும், தன் மீட்பைப் பற்றியும் கவலை வேண்டாம் என்ற வகையில் அமைந்த குயட்டிசம் எனும் அமைதிவாதக் கருத்துகளைத் திருத்தந்தை பதினோராம் இன்னசென்ட் 1687 இல் கண்டனம் செய்திருந்தார். பிரான்சில் இதே பொருள் பற்றி ஆயர் பொசுவேக்கும் பேராயர் ஃபெனலோனுக்கும் கடும் சொற்போர் மூண்டது. ஃபெனலோன் லாரன்சை நேரில் அறிந்தவர், அவர்மீது மதிப்புக் கொண்டவர். தம் கருத்துக்குத் துணையாக லாரன்சை அவர் மேற்கோள் காட்டினார். எதிரணியில் இருந்த பேராயர் நொவாயின் முதன்மைக் குருவே அந்நூலைத் தொகுத்தவர் என்பதால் இது நொவாய்க்கு நெருக்கடியைத் தந்தது. 1699 இல் ஃபெனலோனின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட கருத்துகளைத் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னசென்ட் கண்டித்தார்.

லாரன்சு அமைதிவாதி என்று கருத இடமில்லை. அழிவோ வாழ்வோ எதுவாயினும் ஆகட்டும் என்ற அவருடைய சொற்களில் அச்சாயல் இருப்பது உண்மையே. ஆனால் செயலை விடச் சொன்னவர்கள் அமைதிவாதிகள். லாரன்சோ செயலின் நடுவில் நின்று பேசியவர். நாள்தோறும் அடுப்படியில் உழைத்தவரைச் செயலின்மையின் ஆசான் ஆக்குவது கடினம். ஆயினும் இச்சூழலின் காரணமாகப் பிரெஞ்சுக் கத்தோலிக்கரிடையே அவருடைய நூல் நெடுங்காலம் கவனிப்பாரற்றுப் போனது.

பரவல்

கத்தோலிக்கர் மறந்த நூலைச் சீர்திருத்தச் சபையினர் காப்பாற்றினர். பியேர் புவாரே (1646–1719) என்ற சீர்திருத்தச் சபை எழுத்தாளர் அதை மறுபதிப்புச் செய்தார். மெதடிச இயக்கத்தைத் தோற்றுவித்த ஜான் வெசுலி, 1749 முதல் 1755 வரை 50 தொகுதிகளாக வெளியிட்ட கிறித்தவ நூலகம் என்ற வரிசையில் லாரன்சின் எழுத்துகளைச் சுருக்கிச் சேர்த்தார். ஆங்கிலம் பேசும் நாடுகளில் லாரன்சு பெற்ற புகழுக்கு இது முக்கியக் காரணம்.

20 ஆம் நூற்றாண்டில் இவ்வழியைக் கடைப்பிடித்தவர்களுள் அமெரிக்கரான பிராங்கு லாபாக் (1884–1970) குறிப்பிடத்தக்கவர். பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் மரனாவோ முசுலிம் மக்களிடையே பணியாற்றியபோது, நாளின் ஒவ்வொரு நிமிடத்திலும் ஒருமுறையேனும் இறைவனை நினைக்க இயலுமா என்று தம்மீதே சோதனை செய்து பார்த்தார். அதைப் பற்றித் தம் தந்தைக்கு எழுதிய மடல்கள் 1937 இல் நூலாயின. சில நாள்களில் தாம் பெரிதும் தோற்றுப்போனதையும் அவர் மறைக்காமல் பதிவு செய்துள்ளார். இதே காலத்தில் அவர் தொடங்கிய, ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்கும் எழுத்தறிவு முறை பின்னர் உலகின் பல நாடுகளுக்குப் பரவியது.

திறனாய்வு

எந்த வேலையையும் மகிழ்ச்சியுடன் ஏற்றுக்கொள்ளச் சொல்வது, அநீதியான வேலைச் சூழலையும் ஏற்கச் செய்துவிடாதா என்பது லாரன்சைப் படிப்போர் எழுப்பத்தக்க கேள்வி. மடத்தில் அவருக்கு உணவு, உறைவிடம், ஓய்வு, முதுமையில் பாதுகாப்பு ஆகியவை உறுதியாக இருந்தன. கூலி குறைக்கப்பட்ட தொழிலாளியிடமோ ஓய்வின்றி வீட்டு வேலை முழுவதையும் சுமக்கும் பெண்ணிடமோ அவருடைய சொற்களை மற்றொருவர் எடுத்துச் சொல்வது, அச்சொற்களின் இயல்பையே மாற்றிவிடும். லாரன்சு பிறருக்கு வேலை ஏவும் இடத்தில் இருந்து பேசவில்லை. தமக்கு இடப்பட்ட வேலையைத் தாம் எவ்வாறு சுமந்தார் என்பதையே சொன்னார்.

மடம் இன்று

லாரன்சு ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்த வோஜிரார் தெரு மடம் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையாக்கப்பட்டது. 1792 செப்டம்பர் 2 அன்று அங்கு அடைக்கப்பட்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட குருக்களும் ஆயர்களும் படுகொலை செய்யப்பட்டனர். 1875 இல் தொடங்கப்பட்ட பாரிசு கத்தோலிக்கக் கல்வி நிறுவனம் இன்று அவ்வளாகத்தில் இயங்குகிறது. லாரன்சின் காலத்துப் புனித யோசேப்பு கோயில் இன்றும் வழிபாட்டில் உள்ளது.